தர்மனுக்கு நாலு கிலோ வேண்டும்

இருசம்மாள் கடைக்குள் காலை வைத்தாளானால், பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரைக்கும் உள்ள அத்தனை மளிகைக் கடைகளிலும் டப்பாக்கள் தாமாகவே திரும்பி நின்று முதுகைக் காட்டும். இங்கிலீஷ் டப்பா, அரபி டப்பா, ஹிந்தி டப்பா எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். ஆயிரம் டப்பா படித்தவள். சரி, ஆயிரம் என்பது கொஞ்சம் கூடுதல். ஐந்நூறு என்று சொன்னாலும் பொய்தான். நாற்பது, நாற்பத்திரண்டு டப்பா இருக்கும். ஹிந்தி அவளுக்குச் சுத்தமாகத் தெரியாது. டப்பாக்களும் தாமாகத் திரும்பவில்லை; அவள் வருவதைப் பார்த்ததும் கடைக்காரர்கள் திருப்பி வைத்தார்கள். அது மட்டும் சத்தியம்.

எண்பத்து நாலாம் வருஷம் அவளுக்கு இருபத்தெட்டு வயது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரே அறை வீட்டில், ஒரே ஒரு தையல் மிஷினோடும் ஒரே ஒரு புருஷனோடும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். அவளைப் பெற்றவர்கள் பிறத்தியார் வயலில் நாற்று நட்டவர்கள். இவள் பத்தாம் வகுப்பு வரை போய், தமிழை முதல் தடவையிலும் இங்கிலீஷை மூன்றாம் தடவையிலும் தாண்டி, தையல் கற்றுக்கொண்டாள். அவள் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டால் கூன் விழுந்தவளும் நிமிர்ந்து நடப்பாள் என்று பேச்சு.

புருஷன் பெயர் தர்மன். அத்தை மகன். ஆள் நல்ல உயரம். உயரத்துக்கு ஏற்ற அகலம் மட்டும் வந்து சேரவில்லை. காற்றடிக்கிற நாளில் அவனை வெளியே அனுப்பும்போது சட்டைப் பையில் கத்தரிக்கோலைப் போட்டு அனுப்புவாள் என்று சந்தில் உள்ளவர்கள் சொல்வார்கள். பார்சல் ஆபீஸில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவனுக்கு, ஆறு வருஷம் காத்திருந்ததற்குப் பலனாக, அரசாங்க பஸ்ஸில் கண்டக்டர் வேலைக்குக் கார்டு வந்தது. நேர்முகத்தில் தேறினான். கணக்கில் தேறினான். கண் பரிசோதனையில் கடைசி வரி வரைக்கும் படித்தான். எடை மிஷினில் ஏறினான். முள் நாற்பத்தொன்றில் நின்றது.

"நாப்பத்தஞ்சு வேணும்யா" என்றார் அரியலூரில் பரிசோதித்த டாக்டர். "மூணு மாசம் தவணை தரேன். நாலு கிலோ ஏத்திக்கிட்டு வா. இல்லைன்னா பட்டியல்ல அடுத்த ஆளுக்குப் போயிரும். முதல்ல திருச்சிக்குப் போயி வயித்தக் காட்டு."

திருச்சி டாக்டர் சீமையில் படித்துவிட்டு வந்தவர். தர்மனின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார்.

"காலையில என்ன சாப்பிடுவீங்க?"

"பூரி சார்."

"மதியம்?"

"சோறு சார். மேல ரெண்டு பரோட்டா."

"ராத்திரி?"

"வெறும் பரோட்டா சார். ராத்திரில நான் அதிகமா திங்க மாட்டேன்."

"வயிறு எப்படி?"

இதற்கு மட்டும் இருசம்மாள் பதில் சொன்னாள். "அது முனிசிபாலிட்டிக் கொழா மாதிரி சார். தொறந்தே கெடக்கு."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். சில பேர் குடலுக்குக் கோதுமை ஆகாது. அதில் உள்ள பசை குடலைப் புண்ணாக்கிவிடும். பிறகு எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. இவனுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. மைதா, ரவை, சேமியா, ரொட்டி, பிஸ்கட், பார்லி, ஒரு விரல்நுனி அளவு கூடாது.

"சோறு திங்கலாங்களா?"

"தாராளமா."

"கறி?"

"கறி, மீன், முட்டை எல்லாம். ஆனா ஒண்ணும்மா. டப்பாவுல, பாக்கெட்டுல வர்றது எதுவா இருந்தாலும் அதுல எழுதியிருக்கறத ஒரு எழுத்து விடாம படிச்சுட்டுத்தான் குடுக்கணும்."

திரும்பி வந்த பஸ் பெரம்பலூர் ஸ்டாண்டில் நின்றபோது, பரோட்டாக் கடைக்காரர் கல்லின் மேல் கொத்துக்கரண்டியால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தர்மன் கண்ணை மூடிக்கொண்டு இருசம்மாளின் தோளைப் பிடித்தபடியே அந்த இடத்தைக் கடந்தான். ஸ்டாண்டில் நின்றவர்கள் அவனுக்குக் கண் ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதுதான் வினையாயிற்று. தர்மனுக்கு உடம்பு சரியில்லை என்று மறுநாளே செய்தி பரவியது. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவார்களா? ரொட்டி வந்தது. பன் வந்தது. பிஸ்கட் பாக்கெட் வந்தது. மூன்றாம் நாள் அந்த ஒற்றை அறையில் ஏழு ரொட்டிகளும் இருபது பன்களும் மிஷினுக்கு மேலும் கீழும் அடுக்கியிருந்தன. கொள்ளிடக்கரைத் திருமழபாடியிலிருந்து தர்மனின் அம்மா அம்மாக்கண்ணு வந்து இறங்கினாள். அவள் மடியில் எட்டாவது ரொட்டியும், கையில் பாலில் கலக்கிக் குடிக்கிற போஷாக்கு மாவு பாட்டில் ஒன்றும் இருந்தன.

"அத்தே, இதத் தின்னுதான் அவரு இப்புடி ஆனாரு" என்றாள் இருசம்மாள்.

"ரொட்டியத் தின்னு எவனாச்சும் மெலிவானாடி? வெள்ளக்காரன் பூரா அதத்தான் திங்குறான். கன்னத்தப் பாத்திருக்கியா அவனுக்கு?"

"அம்மா சொல்றதும் நியாயமாத்தான் படுது" என்று மூலையிலிருந்து தர்மன் குரல் கொடுத்தான்.

"நீங்க வாயத் தொறக்காதீங்க மாமா. தொறந்தா சோறு மட்டுந்தான் உள்ள போவணும்."

இருசம்மாள் அந்தப் போஷாக்கு பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தாள். பொடிப்பொடியாக இங்கிலீஷ். ஊசியில் நூல் கோக்கிற கண் அது. ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து இழுத்தது. முதல் சொல் மால்ட். இரண்டாவது பார்லி. மூன்றாவது டபிள்யூவில் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலோ வந்த சொல். மூன்று தடவை பரீட்சை எழுதியதால் மூன்று தடவை படித்த சொல். "வீட்!" என்று கத்தினாள். "அத்தே, கோதுமை! பாட்டிலுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு வந்திருக்கு!"

அம்மாக்கண்ணு பாட்டிலை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒளிந்திருந்தவர் யாரும் தென்படவில்லை. ஆனால் மருமகள் முகத்தைப் பார்த்து, பாட்டிலை அப்படியே மடியில் கட்டிக்கொண்டாள். ரொட்டிகள் எல்லாம் சந்தில் உள்ள வீடுகளுக்குப் போயின. அந்த வாரம் அந்தச் சந்தில் யாரும் அடுப்பு மூட்டவில்லை.

இருசம்மாளிடம் ரவிக்கை அளவு எழுதுகிற நோட்டு ஒன்று இருந்தது. அதில் ஒரு புதுப் பக்கம் திறந்து, மேலே 'தர்மன்' என்று எழுதி, இஞ்ச் டேப்பால் அவனைச் சுற்றி அளந்தாள். மார்பு இருபத்தொன்பது, இடுப்பு இருபத்து நாலு. எதிர்ப் பக்கத்தில் ஆகாத சொற்களை இங்கிலீஷில் பெரிய எழுத்தாக எழுதிக்கொண்டாள். வாரம் ஒரு அளவு. மாதம் ஒரு தடவை அரியலூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பஸ் ஏறிப் போய், அங்கே நின்ற எடை மிஷினில் காசு போட்டு, அட்டைச் சீட்டு வாங்குவது. பெரம்பலூருக்கு ரயிலும் இல்லை, அந்த மிஷினும் இல்லை.

பிறகு ஆரம்பித்தது கடைப் படையெடுப்பு.

மளிகைக் கடைச் சிவசுப்பிரமணியன் பொறுமைசாலி. அவரே நாலாம் நாள் கேட்டுவிட்டார். "ஏம்மா, சாமான் வாங்க வர்றியா, பரீட்சை எழுத வர்றியா?"

"ரெண்டுந்தாண்ணே. இந்தச் சாக்லேட்டுக்குப் பின்னாடி என்னமோ மைல்கல்லு மாதிரி எழுதியிருக்கானே, கண்ணாடியக் கொஞ்சம் குடுங்க."

"அது கம்பெனி விலாசம்மா."

"இருக்கட்டும். விலாசத்துலயும் கோதுமை இருந்தா?"

அவருடைய கடையில் தேறியவை வறுகடலை, பொரி, அவல், கடலை மிட்டாய், எள்ளுருண்டை. மற்றதெல்லாம் தோற்றன. தோற்ற பாக்கெட்டுகளை அவள் தலைகீழாக வைத்துவிட்டுப் போவாள். அவர் நேராக்குவார். அடுத்த நாள் அவளே வந்து, "இது ஃபெயிலாச்சேண்ணே" என்று மறுபடியும் கவிழ்ப்பாள்.

எழுத்தே இல்லாத பண்டங்கள்தான் பெரிய சிக்கல். பஸ் ஸ்டாண்டில் அய்யம்பெருமாள் பலகாரக் கடை. கண்ணாடி ஜாடியில் முறுக்கு, சீவல், பக்கோடா. ஜாடியை எத்தனை தடவை சுற்றிப் பார்த்தாலும் எழுத்து இல்லை.

"மாஸ்டர், முறுக்குல என்ன போடுறீங்க?"

"மாவு."

"என்ன மாவு?"

"முறுக்கு மாவு."

"அது எந்த மரத்துல காய்க்குது?"

அய்யம்பெருமாள் கரண்டியைக் கீழே வைத்தார். "அரிசி மாவும்மா. உளுந்து ஒரு பங்கு. மொறுமொறுன்னு வர ஒரு கை மைதா. எல்லாருந்தான் போடுறாங்க."

"அந்த ஒரு கைதான் மாஸ்டர் எங்க வூட்டுக்காரருக்குக் கண்டக்டர் வேலை."

விஷயத்தைக் கேட்டதும் அவர் இளகிவிட்டார். தாமும் ஒரு காலத்தில் கண்டக்டர் வேலைக்கு எழுதிப் போட்டவர்தாம். அவருக்கும் தடையாக இருந்தது எடைதான்; குறைவு அல்ல, கூடுதல். செவ்வாயும் வெள்ளியும் காலையில், மைதா கலக்காத மாவில், வேறெதுவும் போடாத புது எண்ணெயில், முதல் ஈடு தர்மனுக்கு என்று ஒப்புக்கொண்டார். இருசம்மாள் அதோடு விடவில்லை. "எழுத்துல குடுங்க" என்றாள். அவர் ஒரு துண்டுத் தாளில் 'மைதா இல்லை. புது எண்ணெய்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, பொட்டலத்துக்குள் வைத்தார்.

இரண்டே வாரம். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் "அந்தக் கையெழுத்து முறுக்கு குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். என்ன கையெழுத்து, எதற்குக் கையெழுத்து என்று ஒருவருக்கும் தெரியாது. சீட்டு இருந்தால் சரக்கு ஒசத்தி, அவ்வளவுதான். அய்யம்பெருமாள் வேறு வழியில்லாமல் பக்கோடாவுக்குள் 'மைதா உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தார். அதுவும் ஓஹோ என்று விற்றது.

முதல் மாதம் ஸ்டேஷன் மிஷின் துப்பிய சீட்டில் நாற்பத்திரண்டரை இருந்தது. பின்னால் 'உமக்கு உயர்பதவி காத்திருக்கிறது' என்று ஜோசியமும் இருந்தது. தர்மன் அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்து வழியெல்லாம் தட்டிக்கொண்டே வந்தான்.

கறிக்கான வழி லப்பைக்குடிக்காட்டில் திறந்தது. அங்கே ஜன்னத் என்றொரு பெண். இருசம்மாளின் வாடிக்கை; ரவிக்கையை இருசம்மாளே தைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஜன்னத்தின் புருஷன் அப்துல் நாசர் துபாயில் ஒரு பெரிய கடையில் சரக்கு அடுக்குகிறவன். ஊருக்கு வருகிற ஆள் யாராக இருந்தாலும் அவர்கள் பெட்டியில் பாதி இடம் நாசரின் டப்பாக்களுக்குத்தான். ஜன்னத்தின் அலமாரியைத் திறந்தால் மீன் டப்பா, கோழி டப்பா, மாட்டுக்கறி டப்பா, பழச்சாறு டப்பா என்று துபாயே அடுக்கியிருக்கும்.

இருசம்மாள் டப்பா படிக்கிற கதையைச் சொன்னதும் ஜன்னத் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இது எங்களுக்குப் புதுசாக்கா? டப்பா வந்தா மொத வேலை அதானே. பன்னிக் கொழுப்பு கலந்திருக்கானு எழுத்தெழுத்தா பாத்துட்டுத்தான் அடுப்படிக்கே கொண்டு போவோம். எங்க தெருவுல என் அளவுக்கு டப்பா படிச்சவ கெடையாது."

"எங்க சந்துல நானு."

"அப்ப ரெண்டு தெரு கைவசம் இருக்கு. ஒக்காருக்கா."

இருவரும் தரையில் டப்பாக்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இங்கிலீஷ் பக்கம் இருசம்மாளுக்கு, அரபிப் பக்கம் ஜன்னத்துக்கு. ஜன்னத் ஓதப் பழகியவள். அரபி எழுத்தை ஒலிப்பாள், அர்த்தம்தான் தெரியாது. அதற்காக நாசருக்கு ஒரு கேசட் பதிந்து அனுப்பினாள். அந்தக் காலத்தில் லப்பைக்குடிக்காட்டில் கடிதத்தைவிடக் கேசட்தான் அதிகம் பயணம் போனது. மூன்று வாரத்தில் பதில் கேசட் வந்தது. ஜன்னத் டேப் ரெக்கார்டரை அழுத்தியதும் நாசரின் குரல் கணீரென்று எழும்பியது.

"இருசம்மா அக்காவுக்கு அப்துல் நாசர் சலாம். மச்சான் எப்புடி இருக்காரு? அரபில கோதுமைக்குக் 'கம்ஹ்'னு பேரு. மூணே எழுத்து. காஃப், மீம், ஹா. அது இருந்தா தொடாதீங்க. ஜன்னத், நீ நல்லா கவனிச்சுக்க. அப்புறம் நான் ஒனக்குத் தனியா ஒண்ணு சொல்லணும்..."

ஜன்னத் பாய்ந்து பொத்தானை அமுக்கினாள். "அது டப்பா சமாசாரம் இல்லக்கா" என்றாள், முகமெல்லாம் சிவந்து.

அன்றைக்குப் பதினாறு டப்பா பரீட்சை எழுதியது. குழல் குழலாகக் கறி அடைத்திருந்த ஒரு டப்பாவின் பக்கவாட்டைப் படித்துக்கொண்டே வந்த இருசம்மாள் திடீரென்று நின்றாள். "ஜன்னத்து, இதுல ரஸ்க்குனு போட்டிருக்கு."

"எந்த ரஸ்க்கு?"

"நாம டீயில முக்கித் திங்கிற ரஸ்க்குதான்."

"கறிக்குள்ள எதுக்குக்கா ரஸ்க்கு?"

"கறிய எங்க மாமியா பாக்க வந்திருப்பாங்க போலருக்கு. கையில கொண்டாந்து வச்சுட்டாங்க."

பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோவென்று ஓடி வரும் வரைக்கும் இருவரும் சிரித்தார்கள். கடைசியில் ஐந்து டப்பாக்கள் தேறின. அவற்றில் மூன்று மாட்டுக்கறி. கறி, உப்பு, தண்ணீர். வேறு ஒரு சொல்கூட இல்லை. பையில் போட்டுக் கொடுத்த ஜன்னத், "வூட்ல சாப்பிடுவாங்கள்லக்கா?" என்று தயங்கினாள். "எங்க வூட்ல கறியப் பாத்து எவரும் மொகத்தத் திருப்புனதில்ல, நீ போடு" என்றாள் இருசம்மாள்.

தர்மன் வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கிய டப்பாக் கறியைச் சோற்றில் பிசைந்து தின்றான். ஐம்பத்தைந்தாம் நாள் சீட்டு நாற்பத்து மூன்றரை என்றது. இன்னும் ஒன்றரை கிலோ; முப்பத்தைந்து நாள். இருசம்மாள் கண்டக்டர் காக்கிச் சட்டைக்குக் காஜா எடுக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் எல்லாம் குப்புற விழுந்தது.

ஒரு நாள் கறியை அளவுக்கு மீறித் தின்றதில் தர்மனுக்கு வயிறு பொருமியது. இருசம்மாள் சும்மா இருப்பாளா? மோரில் பெருங்காயத்தைக் கலக்கிக் கொடுத்தாள். அடுத்த நாள் வயிறு இன்னும் கடுத்தது. இரண்டு வேளை கொடுத்தாள். அதற்கும் அடுத்த நாள் குழாய் மறுபடியும் திறந்துகொண்டது. மூன்று வேளை, அதுவும் கரண்டி நிறையக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் காக்கிச் சட்டைக்கு எடுத்த மார்பளவு ஒரு இஞ்ச் சுருங்கிவிட்டது. அரியலூர் மிஷின் நாற்பத்திரண்டரை என்று துப்பியது. ஜோசியம் பக்கத்தை அவர்கள் திருப்பிப் பார்க்கவே இல்லை.

இருசம்மாளுக்கு ஒரே சந்தேகம். வேலை விட்டு வந்தவனின் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தாள். சட்டைப் பையை உள்வெளியாகத் திருப்பினாள்.

"உண்மையச் சொல்லுங்க மாமா. பரோட்டாதானே?"

"இல்ல இருசா."

"சால்னா வாசம் வருது."

"அந்தக் கடையத் தாண்டித்தானே வரேன். வாசம் ஏறாதா?"

"தாண்டி வந்தீங்களா, உள்ள பூந்து வந்தீங்களா?"

தர்மன் சட்டைப் பையை ஒழுங்காக உள்ளே திணித்துக்கொண்டான். "அறுபது நாளா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. எனக்கும் அந்த வேலை வேணும் இருசா" என்றான். குரல் உயரவில்லை. அவன் அப்படிப் பேசினால் அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். மிஷின் முன்னால் போய் உட்கார்ந்து, நூல் இல்லாமலே பத்து நிமிஷம் மிதித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஜன்னத் வந்தாள். தங்கச்சி நிக்காஹுக்கு ரவிக்கை வாங்க வந்தவள், இருசம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு ரவிக்கையைக் கேட்கவில்லை. வெயிலில் வந்தவளுக்கு மோர் கொடுக்க வேண்டுமே என்று இருசம்மாள் எழுந்தாள். தர்மனுக்கும் சேர்த்து இரண்டு டம்ளர். ஒன்றில் மட்டும் ஒரு டப்பாவிலிருந்து மஞ்சள் நிறப் பொடியைக் கரண்டி நிறையப் போட்டுக் கலக்கினாள்.

"அது என்னக்கா?"

"பெருங்காயம். அவரு வயித்துக்கு. ஒரு வாரமா மூணு வேளையும் குடுக்குறேன், கேக்க மாட்டேங்குது."

ஜன்னத்தின் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த டப்பா அகப்பட்டாலும் அது தானாகவே முதுகைத் திருப்பிப் பார்க்கும். பெருங்காய டப்பாவையும் திருப்பிப் பார்த்தது.

"அக்கா."

"ம்."

"இதப் படிச்சியா?"

"பெருங்காயத்துல படிக்க என்ன இருக்கு?"

"தமிழ்லதான் போட்டிருக்கு" என்றாள் ஜன்னத். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "சேர்மானம். கோதுமை மாவு. கோந்து. பெருங்காயம்."

"மறுபடி படி."

"மொதல்லயே கோதுமை மாவுதாங்க்கா. பெருங்காயம் கடேசில."

இருசம்மாள் டப்பாவை வாங்கினாள். அச்சடித்த, தெளிவான, மூன்றாம் வகுப்புப் பிள்ளை படித்துவிடக்கூடிய தமிழ். சாக்லேட்டுக் கம்பெனி விலாசத்தைப் படித்தாள். பழச்சாறு டப்பாவின் அரபியை ஒருத்தியை வைத்து ஓத வைத்தாள். தினமும் கையில் எடுக்கிற, ரசத்துக்கும் சாம்பாருக்கும் போடுகிற, தாளிக்கிற பெட்டியிலேயே குடியிருக்கிற இந்த டப்பாவை ஒரு தடவைகூடத் திருப்பவில்லை. வயிற்று வலிக்கு மருந்து என்று பிறந்ததிலிருந்து தெரியும். மருந்தை யார் படிப்பார்கள்?

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழப் போகிறாள் என்று ஜன்னத் பக்கத்தில் வந்தாள். தோள் குலுங்கியது, ஆனால் வந்தது சிரிப்பு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மிஷின் காலைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் ஜன்னத்தையே பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் கேட்டுத் தர்மன் உள்ளே ஓடி வந்தான்.

"மாமா, உங்களுக்குக் கோதுமை குடுத்தது நாந்தான்! மூணு வேளை! கரண்டி நெறைய!"

தர்மன் டப்பாவை வாங்கிப் படித்தான். டம்ளரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு கேட்டான்:

"அப்ப நான் பரோட்டாவே தின்னுருக்கலாமே?"

ஜன்னத் தலையிலிருந்து நழுவிய முக்காட்டைக்கூடச் சரி செய்ய முடியாமல் சிரித்தாள்.

மீதி இருந்தது இருபத்தேழு நாள். பெருங்காயம் போன இடத்தில் பூண்டும் ஓமமும் வந்து உட்கார்ந்தன. இருசம்மாள் அடுப்படியில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்துப் படித்தாள். உப்பு, சீயக்காய், தீப்பெட்டி வரைக்கும் விடவில்லை. ஒரே வாரத்தில் வயிறு அடங்கியது. அம்மாக்கண்ணு கொள்ளிடத்துக் கெண்டை மீனை வாளியில் தண்ணீர் ஊற்றி உயிரோடு பஸ்ஸில் கொண்டு வந்தாள். கண்டக்டர் வாளிக்கு டிக்கெட் கேட்டதற்கு, "நாளைக்கு எம் மவன் ஒனக்குக் கூட்டாளிடா, இப்பவே சண்ட போடாத" என்றாளாம். ஜன்னத் வாரம் ஒரு டப்பா அனுப்பினாள். அய்யம்பெருமாள் செவ்வாய், வெள்ளியோடு ஞாயிறும் சேர்த்தார். தர்மன் தின்றான், படுத்தான், எழுந்தான், தின்றான். நடந்தால் கரைந்துவிடுவான் என்று பார்சல் ஆபீஸுக்கும் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள் இருசம்மாள்.

தொண்ணூறாம் நாள் வந்தது. மாமியாரும் மருமகளும் அவனை நடுவில் வைத்து அரியலூருக்குப் பஸ் ஏறினார்கள். டாக்டரிடம் போகுமுன் ஸ்டேஷன் மிஷினில் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போனால், அது காசை விழுங்கிவிட்டுச் சீட்டும் தராமல் ஜோசியமும் சொல்லாமல் நின்றது. இருசம்மாள் அதன் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள். ஒன்றும் விழவில்லை. ஸ்டேஷன் வாசலிலேயே பழக்காரியிடம் ஒரு சீப்பு வாங்கி, பத்துப் பழத்தை ஒவ்வொன்றாக உரித்து அவன் வாயில் வைத்தாள். பின்னாலேயே ஒரு சொம்புத் தண்ணீர்.

"போதும் இருசா. மூச்சு முட்டுது."

"முட்டட்டும். மிஷின்ல ஏறி எறங்குற வரைக்கும் மூச்ச வெளிய வுடாதீங்க. அதுக்கும் எடை இருக்கும்."

பரிசோதனை நடந்த இடத்தில் வராந்தா நிறைய ஆட்கள். இவனைப் போலவே தவணை வாங்கியவர்கள், பட்டியலில் அடுத்த ஆளாகக் காத்திருப்பவர்கள். நர்ஸ் செல்வம்மாள் பெயர் கூப்பிட்டாள். தர்மன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிந்திவிடாமல் தூக்கிப் போகிற குடம் மாதிரி மெல்ல உள்ளே போனான். பெண்கள் உள்ளே வரக் கூடாது. வாசலில் ஒரு பச்சைத் திரை. இருசம்மாள் திரையில் ஒரு விரல் அளவு இடுக்கு உண்டாக்கி, ஒற்றைக் கண்ணை அதில் வைத்தாள்.

தர்மன் செருப்பைக் கழற்றினான். மிஷினில் ஒரு காலை வைத்தான். மறு காலை வைத்தான். முள் குதித்து எழுந்து, இப்படியும் அப்படியும் தலையாட்டி, நடுங்கி நின்றது. இருசம்மாள் நின்ற இடத்திலிருந்து அந்த வட்டத்தின் எண்களில் ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது. அடுத்த நொடி வராந்தாவே அதிர்ந்தது.

"அம்பது! அம்பது கிலோ! அத்தே, உங்க மவன் அம்பது கிலோ!"

அம்மாக்கண்ணு "ஆத்தா!" என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். வராந்தாவில் இருந்தவர்கள் எதற்கென்று தெரியாமல் கை தட்டினார்கள். இருசம்மாள் மாமியாரின் இடுப்பைக் கட்டி அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். மூலையில் நின்ற ஒருவர், பட்டியலில் அடுத்த ஆளோ என்னவோ, அவரும் சிரித்தார்.

பச்சைத் திரை விலகியது. நர்ஸ் செல்வம்மாள் பேனாவைக் காதில் செருகியபடி வெளியே வந்து, சுற்றிக்கொண்டிருந்த இருவரையும் நிறுத்தினாள்.

"அம்பதும் இல்ல, அறுபதும் இல்லம்மா. திரை இடுக்குல கண்ண வச்சு ஓரமா பாத்தா முள்ளு எங்க வேணா நிக்கும். நாப்பத்தஞ்சு கிலோ நானூறு கிராம். அதுலயும் கால் கிலோ அந்த ஆளு போட்டிருக்கற பேண்ட்டு. பாஸுனு எழுதிட்டேன். பாட்டியம்மாவ எறக்கி வுட்டுட்டுத் தள்ளி நில்லு, அடுத்த ஆளு உள்ள வரணும்."